தங்கமீன் தாங்காத தண்ணீர்

இன்று மகனின் மீன்தொட்டியைக் கழுவும்போது எழுந்த பாசி வாசனையில், காரைக்கால் கடைத்தெருவில் இப்போது இல்லாத அந்த வண்ணமீன் கடை, ஈர இருட்டும் தொட்டிகளில் குமிழிகள் கொப்புளிக்கும் சத்தமுமாக, திரும்ப வந்து நின்றது. “உங்க காரைக்கால்மேட்டுத் தண்ணி உப்பு பாப்பா, கறுப்பு மீன்தான் தாங்கும்” என்று கடைக்காரர் ஒவ்வொரு முறையும் சொல்வார். நான் ஒவ்வொரு முறையும் ஆரஞ்சு நிறத் தங்கமீனையே காட்டுவேன், அப்பாவும் வாங்கிக் கொடுத்துவிடுவார். கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிய எங்கள் கிணற்றுத் தண்ணீரில் அது சீக்கிரமே மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். “எதாச்சும் பண்ணுப்பா” என்பேன். படகு நிறையத் துடிக்கும் மீன்களைக் கொண்டுவந்து ஏலத்தில் கொட்டுகிற அப்பா, வலை இழுத்துக் காய்த்துப்போன விரலால் பாட்டிலை மெல்லத் தட்டி, “கீழ போய்யா, கீழ போ” என்று அதனிடம் சொல்லிக்கொண்டே இருப்பார்.