எழுபது கிலோ சட்டங்கள் அறுநூறு கிலோ ஆன பயணம்

ஒரே ஊருக்குள் ஜோகுபாளையத்திலிருந்து யஷ்வந்த்பூர் லாரி புக்கிங் ஆபீசுக்குப் போவதெல்லாம் ஒரு பயணமா என்று கேட்பீர்கள். அலுமினியச் சரக்கு அனுப்ப இருப்பவர்கள் படியுங்கள். என் மகள் மீனா ஜீவனஹள்ளியில் ஜன்னல் சட்டப் பட்டறை வைத்திருக்கிறாள். போன புதன்கிழமை அவளுடைய முதல் வெளியூர் ஆர்டர்: கோவைக்கு எட்டுச் சட்டங்கள். பேக்கிங் எப்படி என்று அவள் என்னைக் கேட்கவில்லை. தன் மாமனாரைக் கேட்டாள். அதனால்தான் நான் கிளம்பினேன்.

சம்பந்தி ரயில்வே பார்சல் ஆபீசில் இருந்தவர். நான் முப்பத்திரண்டு வருடம் கணக்கு வாத்தியார். அவர் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று காலை எட்டுக்கே பட்டறையில் இருந்தேன் (ஆட்டோ, நாலு கிலோமீட்டர், எண்பது ரூபாய்). ஆசாரியை வைத்து மரப்பெட்டி அடித்து, செய்தித்தாள் சுற்றி, இடையில் தாராளமாகத் தெர்மோகோல் அடைத்தேன். பத்தரைக்குச் சம்பந்தி வந்தார்.

"பெட்டி பெரிசா இருக்கே, சம்பந்தி."

"கீறல் விழக்கூடாதில்லையா" என்றேன். அவர் தன் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பெட்டி சரக்கு ஆட்டோவில், நாங்கள் மூவரும் பின்னால் வேறொரு ஆட்டோவில். பன்னிரண்டு கிலோமீட்டர், ஐம்பத்தைந்து நிமிடம். புக்கிங் கிளார்க் தராசைத் தொடவே இல்லை, டேப்பை எடுத்தார்.

"அஞ்சு, நாலு, மூணு. அறுபது கன அடி. அடிக்குப் பத்து கிலோ, அறுநூறு கிலோவுக்கு வாடகை சார்."

"சட்டம் எழுபது கிலோதாங்க" என்றேன்.

"லேசான சாமான் சார், ஆனா லாரியில எடம் அடைக்குதில்ல? அளவுலதான் போடுவோம்."

"அப்பா, இவ்ளோ வாடகை குடுத்தா இந்த ஆர்டர்ல எனக்கு ஒண்ணும் நிக்காது" என்றாள் மீனா.

ஒரு கிலோ பஞ்சு கனமா, ஒரு கிலோ இரும்பு கனமா என்று எத்தனை வகுப்புகளை மடக்கியிருக்கிறேன். அன்று பஞ்சு மூட்டையோடு போய் நின்றவன் நான்.

சம்பந்தி கிளார்க்கிடம் சுத்தியல் வாங்கிப் பெட்டியைப் பிரித்தார். துணிப்பையிலிருந்து ஃபோம் ஷீட் சுருள் வந்தது.

"தெரிஞ்சேதான் கொண்டுவந்தீங்களா? அப்பவே சொல்லக்கூடாதா?" என்றேன்.

"பெரிசா இருக்குன்னு சொன்னேனே, சம்பந்தி."

செய்தித்தாளையும் உருவிப் போட்டார். ஈரம் பட்டால் அலுமினியத்தில் கறை ஏறுமாம். சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவே ஃபோம், வெளியே அட்டை, மூலைகளில் மட்டும் மரம். நாற்பது நிமிடம்.

"பதினெட்டு கன அடி. நூத்தியெண்பது கிலோ" என்றார் கிளார்க். "நீட்டா இருக்கு. யார் சார் கட்டுனது?"

"நாங்க ரெண்டு பேரும்" என்றார் சம்பந்தி. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நீங்கள் அனுப்பும்போது, கட்டிய பிறகு உள்ள வெளி அளவை வைத்தே வாடகையைக் கணக்கிடுங்கள். கண்ணாடி இல்லாத சட்டம் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். கண்ணாடி இருந்தால் வேறு வகை, வேறு வாடகை.

வெள்ளிக்கிழமை சரக்கு கீறலில்லாமல் சேர்ந்தது. முதலில் யாருக்குச் சொன்னாய் என்று மீனாவைக் கேட்டேன். "மாமாவுக்குத்தான்ப்பா" என்றாள். அன்று மாலையே கடைக்குப் போய், ஐந்து மீட்டர் டேப் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.