சிரிக்கக் கூடாத படம்

துறைமுக வீதி ஸ்டூடியோக்காரரின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு நீட்டிக்கொண்டிருக்கும். அவர் தலையோ முழு வழுக்கை. சீப்பு, படம் எடுக்க வருபவர்களுக்கு. என் தலையையும் கேட்காமலே வாரிவிட்டார்.

அம்மாவுக்கு நெஞ்சுவலி என்றதும், கனடா வதிவிட அட்டை காலாவதியானது தெரிந்தும் ஊருக்கு விமானம் ஏறியவன் நான். அட்டை முடிந்துவிட்டதால் திரும்பிப் போகப் பயணப் பத்திரம் வேண்டும், அதற்குத்தான் படம் என்று அவரிடம் சொன்னேன். அன்று காலை அம்மா எழுந்து உட்கார்ந்து, ஆஸ்பத்திரிச் சோற்றில் உப்பில்லை என்று தாதியோடு சண்டை பிடித்திருந்தார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"பல்லுத் தெரிஞ்சா எம்பசியில படத்த எடுக்க மாட்டாங்க, தம்பி."

நான்கு முறை எடுத்தும் சரிவரவில்லை. கமராவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி மெதுவாகக் கேட்டார்.

"கனடாக் காட் முடிஞ்சிட்டெண்டா, உங்கள உள்ள விடுவாங்களா?"

என் முகம் செத்துப்போனது. உடனே எடுத்துவிட்டார்.

"இதுக்குத்தான் கேட்டனான், கோவிக்காதீங்க. இப்ப சிரிங்க, அம்மாக்கு ஒண்டு எடுப்பம்."

அது இப்போது அம்மாவின் அலுமாரிக் கண்ணாடியில் இருக்கிறது. மற்றப் படம் ஒட்டிய பயணப் பத்திரத்தோடு நான் கனடா திரும்பினேன். விமான நிலையத்து அதிகாரி படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, அட்டையைப் பற்றித்தான் முதலில் கேட்டார். எனக்கு வழுக்கைத் தலையும் சீப்பும் நினைவுக்கு வந்தன. சிரிப்பை அடக்கத்தான் பெரும்பாடாகிவிட்டது.