கொட்டாஞ்சேனைக்குப் போன செத்தல் மிளகாய்

காலை ஆறரைக்கு யாழ்ப்பாணத்து ரயில் கொழும்பு மருதானையில் நின்றது. நானே பயிரிட்டு வெயிலில் காயவைத்த ஒரு சாக்குச் செத்தல் மிளகாயோடு இறங்கினேன். வெளிநாட்டுச் சாமான் வரத் தடை இருந்த காலத்தில் கொழும்பு முதலாளிகளே லொறி அனுப்பி எங்கள் தோட்டத்தில் வந்து எடுப்பார்கள். வெளிநாட்டுச் சாமான்களைத் தாராளமாக இறக்க அரசாங்கம் விட்ட பிறகு லொறி வரவில்லை. இந்தச் சாக்கை யாராவது எடுத்தால் அடுத்த போகத்துக்கும் நாற்றுப் போடலாம். இல்லாவிட்டால் தோட்டத்தைக் குத்தகைக்கு விடவேண்டியதுதான்.

ஒன்பது மணிக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு மொத்தக் கடை. முஸ்லிம் முதலாளி ஒரு மிளகாயை எடுத்து, விதை கலகலக்கிறதா என்று காதருகே ஆட்டினார்; முறித்து மோந்தார்.

"சாமான் முதல்தரம் தம்பி. ஆனா கப்பல் மொளகா பாதி வெலைக்கு ஈக்குது. இத வாங்கி யாருக்கு விக்கிற? என்ட மாமியாருக்கா?"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வெளியே வந்தேன். பிறகு போன மூன்று கடைகளிலும் சாக்கை அவிழ்க்கவே விடவில்லை.

மத்தியானம், அங்கேயே காசுக்குச் சாப்பாடு கொடுக்கும் பிலோமினா என்பவரின் வீட்டில் உட்கார்ந்தேன். கணவர் துறைமுகத்தில் மூட்டை இறக்குபவர். சாக்கில் என்ன என்று பிலோமினா கேட்டார். சொன்னேன்.

"ஐயோ அண்ணே, அந்தக் கப்பல் மொளகாவ இறக்கினதே எங்கட ஆள்தான்! கோவிக்காதீங்க. முந்தி பாணுக்கு விடியமுன்ன பேக்கரி கியூவில நிப்பன். புள்ளைகளுக்கு மரவள்ளிதான். இப்பதான் மூணு நேரமும் அடுப்பு எரியுது."

"அந்தக் காலத்தில மிளகாய் வித்த காசிலதான் நான் கல்வீடு கட்டினனான்" என்றேன். அன்று நான் அதிகமாகப் பேசியது அவ்வளவுதான்.

"அப்ப எங்கட பசியிலயா கட்டின நீங்க?"

கேலியாகத்தான் கேட்டார். பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினேன்.

பின்னேரம் பஸ்ஸில் வெள்ளவத்தைக்குப் போய் ஒரு லொட்ஜில் தங்கினேன். ஜன்னலுக்கு வெளியே தண்டவாளம், அதற்கப்பால் கடல். தூரத்தில் ஒரு கப்பல் துறைமுகப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அறையில் நானும் சாக்கும்தான்.

மறுநாள் ரயிலுக்கு முன், சாக்கைத் திருப்பிக் கொண்டுபோக மனமில்லாமல் பிலோமினாவிடம் இறக்கிக் கொடுத்தேன். சும்மா வாங்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, ஒரு றாத்தல் பாணைக் கையில் திணித்தார்.

"இது கியூவில நிக்காம வாங்கினது அண்ணே."

அநுராதபுரம் தாண்டியதும் பசித்தது. அந்தப் பாணின் கோதுமை மாவும் கப்பலில் வந்ததுதான். முழுவதையும் சாப்பிட்டேன்.

எங்கள் ஊர் வாசகசாலையில் மூடிய பொருளாதாரமா, திறந்த பொருளாதாரமா ஏழ்மையைத் தீர்க்கும் என்று வாரக்கணக்கில் வாதாடுவார்கள். எந்த ஏழையின் ஏழ்மையை என்று இனி நான் கேட்கலாம். ஆனால் அங்கே நான் பேப்பர் பார்க்கத்தான் போவேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.