இடது முழங்கையில் ஒட்டு

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் கஸ்பாருக்கு வாய் நீளம். உயரத்துக் கூண்டிலிருந்து அவன் விடும் சவடால் கப்பலின் அடித்தட்டு வரைக்கும் கேட்கும். அப்பேர்ப்பட்டவன் 1954ஆம் வருஷத் தவக்காலத்தில் வாயை மூடிக்கொண்டான். கஸ்பாருக்கும் பக்தி வந்துவிட்டது என்று சர்ச்சில் மணியடிக்கும் கோயில்பிள்ளை மெச்சினார். பக்தியாவது மண்ணாவது! மனுஷன் பயத்தில் செத்துக்கொண்டிருந்தான்.

கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே ஆரம்பித்த சங்கதி அது. காலையில் எழுந்தால் இடது கைச் சுண்டுவிரல் மரத்துக் கிடக்கும். உதறினால் எறும்பு ஊர்வதுபோல் கொஞ்ச நேரம் ஊர்ந்து சரியாகிவிடும். கையை மடக்கித் தூங்கியதால் இருக்கும் என்று விட்டுவிட்டான். பிறகு மோதிர விரலும் கூட்டுச் சேர்ந்தது. சட்டைப் பொத்தான் மாட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஒருநாள் டீக்கடையில் இடது சுண்டுவிரல் கொதிக்கிற கிளாஸில் ஒட்டிக்கிடப்பது தெரியாமல் கதையளந்துகொண்டிருந்தான். சுண்டுவிரல் ஓரம் கொப்புளித்த பிறகுதான் சுட்டதே தெரிந்தது.

கதையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டான். கூட வேலை பார்த்த ஒருவனுக்கு இப்படித்தான் விரல் மரத்து, சூடு உறைக்காமல் போய், கடைசியில் குஷ்டம் என்றார்கள். அதன் பிறகு துறைமுகத்தில் அவன் பேரைக்கூட யாரும் எடுப்பதில்லை.

கஸ்பார் யாரிடமும் மூச்சு விடவில்லை. தட்டையும் தம்ளரையும் தனியாக வைத்துக்கொண்டான். நாலு வயது மகள் பிலோமி மடியில் ஏற வந்தால் தள்ளிவிட்டான். கோயில் வாசலில் தீர்த்தத் தொட்டியைத் தொடாமல், காய்ந்த கையாலேயே சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனான். ஊரே விரல் நனைக்கிற தண்ணீர். தன்னால் அவர்களுக்கும் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது?

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவன் பெண்டாட்டி ஃப்ளோரன்ஸ் என்ன மண் பொம்மையா? பூசை முடிந்ததும் கோயில் சுவரோரமாக அவனை மடக்கினாள்.

"இன்னாய்யா நென்ச்சிகினு கீறே? கொயந்த வந்தா தள்றே, தீர்த்தம் தொட மாட்டேன்றே. எவளாவது மருந்து வெச்சுட்டாளா?"

கஸ்பார் உடைந்துபோனான். அந்தப் பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க அழுதான். "எனக்குப் பெரிய வியாதி வந்துகீது ஃப்ளோரன்ஸு. நான் எங்கனா போயிடறேன். நீ புள்ளைய இட்டுகினு உங்க அண்ணன் வூட்டுக்குப் போயிடு."

அவளுக்கும் பகீரென்றுதான் இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை. "எந்த டாக்டரு சொன்னாரு?"

"டாக்டரு எதுக்கு? அதான் கையே சொல்லுதே."

"கையி சொல்லுதாம் கையி! அது இன்னா, டாக்டருக்குப் படிச்சுகீதா?"

மறுநாளே கல்மண்டபத்து டாக்டர் சங்கரநாராயணன் முன்னால் அவனைக் கொண்டுபோய் நிறுத்தினாள். டாக்டர் அவன் சட்டையைக் கழற்றச் சொல்லி உடம்பு முழுக்கத் தேடினார். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் விரல்களைத் தொட்டார். சுண்டுவிரலிலும், மோதிர விரலில் அதை ஒட்டிய பாதியிலும் கஸ்பாருக்கு ஒன்றும் தெரியவில்லை. மற்ற பாதியில் நன்றாகத் தெரிந்தது.

"தேமல் எதுவும் இல்லை. நரம்பும் தடிக்கலை. முழங்கையை எங்கேயாவது இடிச்சுக்கிட்டீங்களா?"

"இல்ல சார்."

கழற்றிய சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஃப்ளோரன்ஸ் அதை நீட்டினாள். "ஐயா, இதப் பாருங்கோ. மாசாமாசம் பீச்சாங்கை முட்டியிலதான் கியியுது. சோத்தாங்கை புச்சாவே கீது. எத்தினி ஒட்டுதான் போடறது?"

டாக்டர் ஒட்டைத் தடவிப் பார்த்தார். "கிரேன்ல எப்படி உட்காருவீங்க? காட்டுங்க."

கஸ்பார் நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையால் இல்லாத நெம்புகோலைப் பிடித்தான். இடது முழங்கையை மேஜை விளிம்பில் அழுத்தி ஊன்றி, கீழே எட்டிப் பார்த்தான். பன்னிரண்டு வருஷமாகக் கூண்டு ஜன்னலின் இரும்பில் அப்படித்தான் ஊன்றியிருக்கிறான். டாக்டர் எழுந்து வந்து அந்த முழங்கையின் உள்பக்கக் குழியில் ஒரு தட்டுத் தட்டினார்.

"யம்மா!" சுண்டுவிரல் நுனிவரை கரண்ட் அடித்தது.

"இதுதான் உங்க பெரிய வியாதி. விரலுக்குப் போற நரம்பு இந்தக் குழி வழியாத்தான் போகுது. அதை இரும்புல வெச்சு நசுக்கியிருக்கீங்க. இப்பவே வந்தீங்களோ பிழைச்சீங்களோ, இன்னும் விட்டிருந்தா விரல் மடங்கியே போயிருக்கும். நீங்க பயந்த வியாதிக்கும் இப்ப மாத்திரை வந்தாச்சு. அதுக்காக யாரும் வீட்டை விட்டு ஓட வேண்டியதில்லை."

முழங்கையை எதன்மேலும் ஊன்றக் கூடாது. தூங்கும்போது கை மடங்காதபடி துண்டைச் சுற்றிக்கொள்ள வேண்டும். மருந்து அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் ஃப்ளோரன்ஸ் ஊசி நூலை எடுத்தாள். "முட்டியில பஞ்சு வெச்சுத் தெய்டி, மெத்துனு இருக்கட்டும்" என்றான் கஸ்பார்.

"மெத்துனு இருந்தா இன்னும் சொகமா ஊணுவே" என்று சொல்லி, ஒட்டுக்குள் தேங்காய் நாரை வைத்துத் தைத்துவிட்டாள். ஊன்றினால் சுருக்கென்று குத்தும். கூண்டிலிருந்து அவன் அவளைத் திட்டுவது கீழே கேட்டது. ஆனாலும் முழங்கை இரும்புப் பக்கம் போகவில்லை. சில வாரங்களில் பொத்தான் பழையபடி ஏறத் தொடங்கியது.

உயிர்த்த ஞாயிறன்று தீர்த்தத் தொட்டி புதுத் தண்ணீரால் நிரம்பியிருந்தது. கஸ்பார் அதன் முன்னால் நின்று, இடது கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டான். கோயில்பிள்ளை அலறிவிட்டார்.

"யோவ், பீச்சாங்கைய்யா!" என்று ஃப்ளோரன்ஸ் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அவன் கையை எடுக்கவில்லை. கண்ணில் நீர் முட்ட, அடித்தட்டு வரை எட்டும் அந்தப் பழைய குரலில் கோயிலே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்.

"ஜில்லுனு கீதுடி ஃப்ளோரன்ஸு! சுண்டுவெரலு ஜில்லுனு கீது!"