ராஜாவின் ஒரே தாண்டல்

புளித்த மைதாப் பசையின் வாடை எங்கள் சதுரங்க நோட்டில் எப்போதும் வீசும். எழுபதுகளின் நடுவில், ஞாயிறுதோறும் ஆங்கிலப் பத்திரிகையில் பெயர்பெற்ற கிராண்ட்மாஸ்டர்களின் ஆட்டங்களிலிருந்து ஒரு கட்டத்தை எடுத்து, ‘வெள்ளை இரண்டே நகர்த்தலில் வெல்ல வேண்டும்’ என்று புதிர் போடுவார்கள். ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதி வீட்டில் கோமதி அக்காவும் நானும் அதை வெட்டி ஒட்டி, வாரம் முழுக்க மூளையைத் தீட்டிக்கொண்டிருப்போம்.

அக்காவுக்கு அது வெறும் விளையாட்டு இல்லை. பியூசி முடித்திருந்தவளை மேலே படிக்க வைக்க அப்பாவுக்கு மனமில்லை. வையம்பட்டியில் வரன் பார்த்து வைத்திருந்தார். அவள் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்த பிறகுதான் இறங்கிவந்தார். "திருச்சியில பொண்ணுங்களுக்குச் செஸ் போட்டி வருதாம்ல? ஜெயிச்சுட்டு வா, காலேஜ்ல சேர்க்கறேன். தோத்தா மறுபேச்சு பேசக் கூடாது."

எங்கள் தெருவில் ஒரு விதி உண்டு. செக் வாங்காத ராஜா, ஆட்டத்தில் ஒரே ஒரு முறை குதிரையைப் போலத் தாண்டலாம். ‘தாண்டல்’ என்போம். உலகமே அப்படித்தான் ஆடுகிறது என்று நம்பியதால், பத்திரிகையின் விடைகள் பல எங்களுக்குத் தப்பாகவே பட்டன. "ராஜா தாண்டித் தப்பிச்சுடுமே! ஆனைக்கும் அடி சறுக்கும்டி" என்று அக்கா கிராண்ட்மாஸ்டரையே சிவப்பு மையால் திருத்துவாள்.

போட்டிக்கு முந்தைய ஞாயிறு, புதிருக்குக் கீழே யாரோ ஒரு வாசகருக்குப் பதில் வந்திருந்தது: சர்வதேச ஆட்டத்தில் ராஜாவுக்கு அப்படியொரு தாண்டல் கிடையாது. பத்திரிகையை முதலில் பிரித்தவள் நான். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. தோற்கும் நேரத்தில் தாண்டித் தப்பித்துத்தான் எப்போதாவது அக்காவை ஜெயித்திருக்கிறேன். புதிரை மட்டும் ஒட்டிவிட்டு, பதிலைக் கிழித்து அடுப்பில் போட்டேன். இன்னும் இரண்டு ஆட்டம் ஜெயித்துவிட்டுச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன்; அப்புறம் கிழித்ததைச் சொல்லப் பயமாகிவிட்டது.

தாண்டலுக்கு வேலையே இல்லாமல் அக்கா கடைசி ஆட்டம் வரை வந்துவிட்டாள். எதிரே ஒரு கான்வென்ட் பெண். அவளுடைய யானை கடைசி வரிசைக்கு இறங்கினால் மாட், ஆட்டம் முடிந்துவிடும். ஒரு சிப்பாயைத் தள்ளி ராஜாவுக்கு வழிவிட்டிருந்தால் போதும். அக்காவோ சிரித்தபடி ராஜாவைத் தூக்கித் தாண்டி வைத்தாள். நடுவர் குனிந்து, "அதெல்லாம் இங்க கிடையாதும்மா. தொட்ட காயைத்தான் நகர்த்தணும்" என்றார். அக்கா ராஜாவை மூலைக்கு நகர்த்தினாள். யானை இறங்கியது.

திரும்பும்போது, பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் அக்கா கேட்டாள். "இத்தனை வாரத்துல ஒரு தடவையாவது இதைப் போட்டிருக்கக் கூடாதா இந்தப் பேப்பர்காரன்?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தை மாதம் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. சில வருஷம் கழித்து அப்பாவிடம் சண்டை போட்டு என்னைக் கல்லூரியில் சேர்த்தவளும் அவள்தான்.

இன்று பிள்ளைகள் கைபேசியில் அதே புதிர்களைப் போடுகிறார்கள். தாண்டல் என்று ஒன்று இருந்ததே அவர்களுக்குத் தெரியாது. அக்கா எடமலைப்பட்டி புதூரில் இருக்கிறாள். நான் எழுதுவது எதையும் விடாமல் படிப்பவள், இதையும் படிப்பாள். அக்கா, பேப்பர்காரன் போட்டிருந்தான். கிழித்தது நான்.