ஜெயசித்ரா வாங்கிய ரெக்கார்டர்

சேதராப்பட்டு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கும் ஜெயசித்ராவுக்கு, சுப்ரமணியை நினைத்தாலே வயிறு எரியும். எரியாதா பின்னே? இருபது வருடமாகச் சக்கரபாணியின் கச்சேரிக் குழுவில் பாடியவள். சக்கரபாணியின் மகள் சிவசங்கரி மேடையேறிய நாளிலிருந்து, ஜெயசித்ரா வாயைத் திறந்தால் மைக் சத்தம் இறங்கிவிடும். மைக் சத்தத்தை ஏற்றி இறக்கும் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்து இறக்கியவன் சுப்ரமணி, சிவசங்கரியின் தாய்மாமன். மடியில் வைத்துக் காது குத்திய பாசத்தை மிக்ஸரிலும் காட்டினான் மகராசன்.

ஜெயசித்ராவுக்குக் குரல் போய்விட்டது என்று முத்தியால்பேட்டை முழுக்கப் பேச்சு. அவளே அதை நம்பி இரண்டு வருடம் மிளகுக் கஷாயம் குடித்தாள். ஒருநாள் பாடும்போது திரும்பிப் பார்த்தாள். மிக்ஸரில் அவன் விரல் இறங்குவது தெரிந்தது. சண்டைக்குப் போனாள்.

"ஒன் தொண்ட சரியில்ல. எம்மேல ஏன் பழி போடுற?" என்றான்.

கணவர் செல்போனில் பிடித்த பதிவு சாட்சிக்கு உதவவில்லை; சத்தத்தைச் செல்போன் தானே சமன் செய்துவிட, அவள் குரலும் சிவசங்கரியின் குரலும் ஒரே அளவில் கேட்டுத் தொலைத்தன. மாசி மகக் கச்சேரியில் அவள் பெயர் இல்லை என்று சக்கரபாணி சொல்லிவிட்டார். அதற்கு முன் முத்தியால்பேட்டையில் ஒரே ஒரு கச்சேரி பாக்கி இருந்தது.

ஜெயசித்ரா போய்க் கேட்டதும், நேரு வீதி எலெக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் ஒரு ரெக்கார்டரை எடுத்து நீட்டினார். "இத எடுத்துக்குங்கக்கா. சத்தத்த அதுவே ஏத்தி எறக்கிக்கும்."

"அந்த வேலைக்கு ஏற்கெனவே ஒருத்தன் இருக்கான். உள்ளத உள்ளபடி புடிக்கிறதா குடுங்க."

சத்தத்தின் அளவை நாமே வைத்துக்கொள்ளும் ரெக்கார்டர் ஒன்று வந்தது. இரண்டு மைக்; ஒன்று பிடிப்பது இடது ஸ்பீக்கரில் மட்டும் கேட்கும், மற்றது பிடிப்பது வலதில் மட்டும். முத்தியால்பேட்டைக் கச்சேரியில் ஒன்றை முந்தானைக்குள் குத்திக்கொண்டாள். இன்னொன்றை நீள ஒயரில் இழுத்து ஸ்பீக்கர் பெட்டிக்கு எதிரே கட்டினாள். ஒருவரும் கவனிக்கவில்லை.

மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கி, கூட்டம் நெரிந்தது. சுப்ரமணி டீ குடிக்கப் போன நேரம், ஜெயசித்ரா கச்சேரி மேடையேறி ரெக்கார்டரை மிக்ஸரில் சொருகி, மைக்கில் கூட்டத்திடம் சொன்னாள்.

"போன கச்சேரியில புடிச்சது இது. எடது பொட்டியில எந்தொண்ட. வலது பொட்டியில ஒங்களுக்கு வந்து சேந்தது. நீங்களே கேளுங்க."

இடது பெட்டியில் அவள் குரல் கணீரென்று நின்றது. வலதில் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் முனகியது. சிவசங்கரியின் முறை வந்ததும் வலது பெட்டி அலறியது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். டீ கிளாஸோடு ஓடிவந்த சுப்ரமணி கூட்டத்தின் நடுவிலேயே நின்றுவிட்டான். அந்த முகத்தைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது.

சக்கரபாணி மைக்கை நீட்டினார். "தப்புதாம்மா. நீ பாடு."

"பாடறண்ணே. ஆனா ஒங்க மச்சான் மிக்ஸர தொடக்கூடாது. முன்னால சேர் போட்டு ஒக்காந்து முழுசா கேக்கணும்."

போட்டார்கள். உட்கார்ந்தான். அவள் நான்கு பாட்டுகள் பாடினாள். பாடி முடிக்கும்வரை அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.