ஒரு கப் சோறு

அந்த ஆறு மாதத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது நின்றுகொண்டே தூங்குவதுதான். காலையில் பூதலூரில் பாசஞ்சர் ஏறினால் கதவோரக் கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடிவிடுவேன். தஞ்சாவூர் வந்தால் கூட்டமே என்னை இறக்கிவிட்டுவிடும். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு டவுன் பஸ். அதிலும் நின்றபடிதான்.

உணவியல் படித்தவர்கள் பட்டம் வாங்குமுன் ஆஸ்பத்திரியிலும் கிராமத்திலும் சுற்றி வந்து பயிற்சி முடிக்க வேண்டும். முதல் மாதம் சமையல்கூடம். ஆள் உயர அண்டாவில் கொதிக்கும் உப்பில்லாத சாம்பாரை ருசி பார்த்து, "சரியாக உள்ளது" என்று நோட்டில் கையெழுத்துப் போடுவது என் வேலை. எது சரி, யாருக்குச் சரி? வாயில் வைக்க வழியில்லாத அதை நான் ஒரு மாதம் முழுக்க சரியென்று எழுதினேன். அதன்பிறகு மூன்று மாதம் வார்டு, கடைசி இரண்டு மாதம் கிராமம். வெள்ளைக் கோட்டைப் பார்த்து நோயாளிகள் "டாக்டரம்மா" என்பார்கள். வார்டு ஊழியர்கள் "சாப்பாட்டுப் பொண்ணு" என்பார்கள். இரண்டாவதுதான் பொருத்தம்.

ஆண்கள் வார்டில் ஆனி மாதத்தில் சேர்ந்தவர் அவர். குடவாசல் பக்கத்து ஊர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். இதயம் பலவீனப்பட்டு உடம்பெல்லாம் நீர் கோத்துக்கொண்டிருந்தது. கணுக்காலை விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. வந்த அன்று எடை ஐம்பத்தெட்டு கிலோ. ஐம்பத்திநாலுக்கு இறங்கினால் வீட்டுக்கு அனுப்பலாம், அதற்குமுன் போனால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாளைக்கு ஒரு லிட்டருக்குமேல் தண்ணீர் கூடாது. உப்பு அறவே கூடாது. இந்த இரண்டையும் காபந்து செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அவருக்கோ உயிர் இரண்டாம் பட்சம். ஊரில் இரண்டு ஏக்கர் குத்தகை நிலம். அவர் அப்பா காலத்திலிருந்து அவர்கள்தான் சாகுபடி. சென்னையில் குடியேறிவிட்ட மிராசு குடும்பம் அதை யாரோ ஒரு கரைவேட்டிக்காரருக்கு விற்றுவிட்டது. குத்தகை பதிவாகவில்லை. இரண்டு ஜமாபந்தியில் மனு கொடுத்தும் தாசில்தார் ஆபீஸில் அது அசையவில்லை.

"யாரு ஆட்சிக்கு வந்தாலும் அந்த ஆளுக்குக் கவலையில்லம்மா. துண்டைத்தான் மாத்திக்குவாரு," என்றார் படுக்கையிலிருந்தபடியே.

"அப்ப எப்படி ஐயா நிலம் இன்னும் உங்ககிட்ட இருக்கு?"

"தண்ணி வந்ததும் மொத சேடை நான் ஓட்டுவேன். நாத்து நட்டுட்டா அப்பறம் ஒருத்தனும் உள்ள எறங்க மாட்டான். நட்ட பயிர அழிச்சான்னு ஊர் பேசுமுல்ல? போன வருசம் டிராக்டர அனுப்புனாங்க. முன்னாடி போயி நின்னேன், திரும்பிப் போயிட்டான்."

சேடை என்றால் தண்ணீர் கட்டி வயலைச் சேறாக உழுவது. வாய்க்காலில் தண்ணீர் வரும் நாளில் அவர் வரப்பில் நிற்க வேண்டும். உழ வேண்டாம், சும்மா நின்றால் போதும். நிற்காவிட்டால் நிலம் போய்விடும். மகள்கள் இருவரும் கட்டிக்கொடுத்த ஊரில். மனைவி மட்டும் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக் கிடந்தார்.

நான் படிவத்தை எடுத்தேன். நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும்வரை வாய்க்குள் போன எல்லாவற்றையும் எழுதும் படிவம். இட்லி எத்தனை, சோறு எத்தனை கப், டீ, காபி, மோர், இளநீர், தண்ணீர் எத்தனை டம்ளர். தொழில் என்ற இடத்தில் "விவசாயம்" என்று எழுதினேன். மற்றதையெல்லாம் அந்தம்மாவிடம் கேட்டு மணிமணியாக நிரப்பினேன். மேடம், அதாவது எங்கள் தலைமை டயட்டீஷியன், நின்ற இடத்திலேயே கையெழுத்துப் போட்டார்கள். அவர்களுக்கும் அன்று நான்கு வார்டு பாக்கி.

முதல் மூன்று நாள் பாலும் ரொட்டியும்தான் அவருக்கு இறங்கியது. எடை மளமளவென்று குறைந்து ஐம்பத்தாறுக்கு வந்தது. நாலாம் நாள் பசி எடுத்தது. காலையில் ஒரு கப் சோறு, மதியம் ஒன்றரை கப், இரவு ஒரு கப் என்று அட்டவணை போட்டுக் கொடுத்தேன். அந்தம்மா அந்தத் தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

எடை ஐம்பத்தாறிலேயே நின்றது.

ஐந்தாம் நாள் காலையில் வார்டு முழுக்க ஒரே பேச்சு, கல்லணை திறந்தாச்சு என்று. அவர் எழுந்து உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினார். "எங்க வாய்க்காலுக்கு வர அஞ்சு நாளு. சட்டைய எடு, எழுதிக் குடுத்துட்டுக் கெளம்புவோம்."

நான் குறுக்கே போய் நின்றேன். அன்று ரயிலில் ஒருத்தி என் காலை மிதித்திருந்தாள், சாப்பிடக்கூட இல்லை, எல்லார்மீதும் எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலிலும் அவர் போய்ச் சாகக் கூடாது என்று உண்மையாகவே நினைத்தேன்.

"ரெண்டே நாள் ஐயா. நான் சொல்ற மாதிரி இருங்க, எடை இறங்கிடும். அதுக்கப்பறமும் உங்களுக்கு மூணு நாள் இருக்கு. நான் பொறுப்பு."

அவர் சட்டையைத் திருப்பிக் கொடுத்தார். "சாப்பாட்டுக் கணக்கு தெரிஞ்ச புள்ள. சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து எடை பார்த்தேன். ஐம்பத்தாறரை. மிஷினைத் தட்டிவிட்டு மறுபடி ஏற்றினேன். அதே ஐம்பத்தாறரை.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! அந்தம்மாவை நடைபாதைக்கு இழுத்துக்கொண்டு போனேன். "திருட்டுத்தனமா தண்ணி குடுக்குறீங்களா? பாவம் பாத்து குடுத்தா அவரத்தான் கொல்றீங்க, தெரியுமா?"

"சாமி சத்தியமா இல்லம்மா. மூணு டம்ளரு. நீங்க சொன்ன அதே மூணு. உதடு வெடிச்சிக் கேட்டாக்கூட பஞ்சுலதான் நனைக்கிறேன்."

"அப்ப எப்படி ஏறும்? காத்துலேருந்து ஏறுதா?"

சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். அந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கட்டிலடியில் இருந்த சொம்பை நர்ஸிடம் ஒப்படைத்துவிட்டு, "கூட இருப்பவர் ஒத்துழைக்கவில்லை" என்று என் நோட்டில் எழுதினேன். டாக்டர் மருந்தைக் கூட்டி, இன்னும் நாலு நாள் என்றார். அவர் கிளம்புகிறேன் என்று இந்த முறை சொல்லவில்லை. மனைவிமேல் அவருக்கே சந்தேகம் வந்திருந்தது; திருட்டுத் தண்ணீர் நின்றால் நாலு நாளுக்கு முன்பே எடை இறங்கிவிடும் என்று நம்பினார். அந்தச் சந்தேகத்தை அங்கே கொண்டுவந்து வைத்தவள் நான்.

மறுநாள் ரயில் லேட். வீட்டில் எதுவும் வாயில் போடாமல் ஓடிவந்ததில் வார்டு வாசலிலேயே கண் இருட்டியது. சுவரைப் பிடித்து உட்கார்ந்துவிட்டேன். முந்தின நாள் நான் அத்தனை பேர் முன்னால் அசிங்கப்படுத்திய அதே அம்மாதான் ஓடிவந்து தாங்கினார்.

"ஏம் பாப்பா, காலையில ஒண்ணும் சாப்புடலையா? ஊருக்கெல்லாம் சாப்பாடு சொல்ற புள்ள! இரு வர்றேன்."

தூக்குவாளியிலிருந்து ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். புளிப்பும் சில்லிப்புமாக ஒரே மடக்கில் இறங்கியது. உயிர் வந்தது. இரண்டாவது டம்ளரையும் காலி செய்தேன். பழையது. தினமும் எங்கள் வீட்டில் ரயிலுக்குக் கிளம்புமுன் நான் சாப்பிடுவதும் இதேதான்.

மூன்றாவது ஊற்ற வந்தபோதுதான் வாளிக்குள் எட்டிப் பார்த்தேன். அடியில் ஒரு கை சோறு. மேலே விளிம்புவரை தண்ணீர். நாக்கில் உப்பு இருந்தது.

"இது யாருக்கும்மா?"

"அவுங்களுக்குத்தான். ராத்திரி நீங்க குடுக்குற சோத்துல பாதிய எடுத்துத் தண்ணி ஊத்தி வச்சிருவேன். காலையில ஒரு கப்பு சோறுன்னு எழுதியிருக்கீங்கல்ல? ஒரு கப்புக்கு மேல ஒரு பருக்கை வைக்கமாட்டேன் பாப்பா. அளந்துதான் போடுறேன்."

"உப்பு?"

"கொழம்புல, பொரியல்ல உப்பே கெடையாது. உப்பில்லாம பழையத எப்புடி குடிக்கிறது? ஒரு சிட்டிகைதான்."

ஒரு வாளி. காலையில் பாதி, பத்து மணிக்கு மீதி. அவர் குடித்த தண்ணீரெல்லாம் சோறு என்ற இடத்தில் இருந்தது. அந்தம்மா பொய் சொல்லவில்லை. என் படிவத்தில் டீயைக் கேட்டேன், மோரைக் கேட்டேன், இந்த ஊரில் அவ்வளவாக யாரும் குடிக்காத பழ ஜூஸைக்கூடக் கேட்டேன். நான் தினமும் குடித்துவிட்டு வருவதைக் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் நான் சோறு என்றுதான் எழுதியிருப்பேன். என் வீட்டிலும் அதற்குப் பெயர் சோறுதான்.

மேடத்திடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெற்றியைத் தேய்த்தார்கள். "அட கடவுளே. நானும் காலையில அதைத்தான்டி குடிச்சிட்டு வந்தேன்," என்றார்கள். "சரி, இப்பவாவது நிறுத்து. உயிர் மிச்சம்னு நினைச்சுக்க."

நிறுத்தினோம். மூன்று நாளில் ஐம்பத்திநாலு. ஏற்கெனவே எட்டு நாள் ஓடியிருந்தது, இது பதினோராம் நாள். கல்லணை திறந்து ஆறு நாள்.

அவர்கள் கிளம்பும்போது நான் பஸ் ஸ்டாண்டுவரை போனேன். எனக்கு வேலையில்லாமல் இல்லை, வார்டில் நிற்க முடியவில்லை. "வாய்க்கால்ல தண்ணி வந்துருக்குமாம்மா?" என்று அவர் என்னிடம் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? பஸ் ஏறும்போது தடுமாறினார். அந்தம்மா தோளைக் கொடுத்தார். பை கனமில்லை. தூக்குவாளி காலியாக ஆடிக்கொண்டு போனது.

புரட்டாசியில் கிராமத்துப் பயிற்சி. அங்கன்வாடியில் குழந்தைகளுக்கு எடை பார்ப்பதும் வீடுவீடாகப் போய் அதே படிவத்தை நிரப்புவதும். எனக்குக் கிடைத்த ஊர்ப் பட்டியலில் அவர்கள் ஊர் இருந்தது. மாற்றிக் கேட்கலாமா என்று இரண்டு நாள் நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் காரணம் சொல்ல வேண்டுமே.

போய் மூன்றாம் நாள் மத்தியானம். நடவு முடித்துப் பெண்கள் வரிசையாக வரப்பில் வந்தார்கள். முழங்காலுக்குச் சேறு. அதில் ஒருவர் நின்று, கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்து, "ஏம் பாப்பா, நீங்களா?" என்றார்.

"ஐயா எப்படி இருக்காங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"இருக்காங்க. மூச்சு வாங்கல, கால் வீங்கல. பழையத கையால பிழிஞ்சு சோத்த மட்டுந்தான் குடுக்குறேன். வாய்க்கால் பக்கம் மட்டும் வர மாட்டேங்குறாங்க."

"நிலம்?"

அவர் திரும்பி, அப்போதுதான் நட்டுவிட்டு வந்த வயலைக் கையால் காட்டினார். "இன்னைக்கு அதுலதான் நட்டோம். நாங்க போறதுக்கு மொத நாளே சேடை ஓட்டிட்டாங்க. குறுவை அறுத்துட்டு இப்ப ரெண்டாம் போகம், தாளடி. ஆளு வேணுமுன்னு கூப்புட்டாங்க, நானும் வந்துட்டேன். அதுல எங்க பள்ளம், எங்க மேடுன்னு எனக்குத்தானே தெரியும்."

"என்னாலதாம்மா," என்றேன். அழுகை வந்துவிட்டது. "அன்னைக்கே போறேன்னாங்க. நான்தான் புடிச்சு வச்சேன். நான்தான் கணக்கத் தப்பா எழுதுனேன். உங்களையும் திட்டுனேன்."

அந்தம்மா வாய்க்காலில் இறங்கிக் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அழுவாதீங்க. வெயில்ல நிக்கிறீங்களே, எழுதிட்டுப் போங்க. என்னென்னவோ கேப்பீங்கல்ல, கேளுங்க."

படிவத்தை எடுத்தேன். வயது, வீட்டில் எத்தனை பேர், எல்லாம் எழுதினேன். தொழில் என்ற இடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. அவர் எட்டிப் பார்த்தார்.

"அது என்ன?"

"தொழில்."

"அன்னைக்கு விவசாயம்னு போட்டீங்க," என்றார். "இன்னைக்குக் கூலின்னு போடுங்க பாப்பா. இதையாவது சரியா எழுதணும்ல."

எழுதினேன்.